இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கும்? குருதிப் பரிசோதனைகளைக் கொண்டு கணிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பைபாஸ் அல்லது வால்வு சத்திரசிகிச்சை முடிந்து கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மலையேறி வீடு திரும்புகிறவரின் கையில் டயக்னோசிஸ் காட் எனப்படும் நோய் விவர அட்டையோடு ஒரு கட்டு ஆய்வுகூட அறிக்கைகளும் இருக்கும். அறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அவற்றுக்கான விளக்கம், கிடைத்திருந்தால், பெரும்பாலும் சிங்களத்தில் கிடைத்திருக்கும். வீட்டில் உள்ளவர்கள் நட்சத்திரக்குறி இட்ட எண்களையெல்லாம் ஆபத்து என்றும் குறி இல்லாதவற்றையெல்லாம் நலம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சையைப் பொறுத்தவரை இவ்விரண்டுமே அடிக்கடி தவறிப்போகும். இருதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் நூறு மடங்கு ஏறியிருந்தும் நோயாளி நலமாகத் தேறி வருவார். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அறிக்கையின் எல்லைக்குள்ளேயே நிற்க, சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியிருக்கும்.

ஓர் எண் எதையாவது முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் அதனோடு மூன்று விவரங்கள் சேர்ந்திருக்க வேண்டும்: சத்திரசிகிச்சைக்கு முன் அதே நபருக்கு அது எவ்வளவு இருந்தது, சத்திரசிகிச்சை முடிந்து எத்தனை மணித்தியாலத்தில் குருதி எடுக்கப்பட்டது, இரு தடவையும் ஒரே வகைக் கருவியில் அளக்கப்பட்டதா என்பன அவை. கீழே உள்ள படிகள் யாவும் இம்மூன்றையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழிகளே. ஆதார வைத்தியசாலைகளிலும் தோட்ட டிஸ்பென்சரிகளிலும் பணிபுரிவோர், தாதியர் பயிற்சியில் இருப்போர், நோயாளியோடு கிளினிக்குக்குச் சென்று வரும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. சிகிச்சையை மாற்றும் தீர்மானம் வைத்தியருடையது. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது உதவும்.

முதலாம் படி: குருதியைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பார்த்தல்

குருதிக் குறிகாட்டிகள் வெறுமையில் நின்று எதையும் கணிப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்த ஆபத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே அவை உதவுகின்றன. அந்த அடிப்படை ஆபத்தை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் கருவிகளில் ஒன்று 2012 இல் வெளியான யூரோஸ்கோர் 2 ஆகும். 43 நாடுகளைச் சேர்ந்த 22,381 நோயாளிகளின் தரவுகளிலிருந்து உருவான இது வயது, பால், இருதயத்தின் இயக்கத்திறன், முன்னைய சத்திரசிகிச்சை, அவசர நிலை என 18 காரணிகளைக் கொண்டு வைத்தியசாலையிலேயே இறக்கும் சாத்தியத்தைக் கணிக்கிறது.

அந்த 18 காரணிகளுள் குருதிப் பரிசோதனையிலிருந்து நேரடியாக வருவது ஒன்றே ஒன்றுதான்: கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிடப்படும் சிறுநீரக வடிகட்டும் வீதம். ஈமோகுளோபின் அதில் இல்லை, அல்புமின் இல்லை, இருதயச் சுவர் இழுபடுவதைக் காட்டும் என்டி-புரோபிஎன்பியும் இல்லை. ஆகவே குருதிசோகையோடும் ஊட்டக்குறைவோடும் சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒருவரின் உண்மையான ஆபத்து அந்த மதிப்பெண் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். மலையகத்தில் இது ஏட்டளவிலான கவலை அன்று.

இரண்டாம் படி: சத்திரசிகிச்சைக்கு முந்திய அளவுகளைச் சேகரித்தல்

முன்னைய அளவு இல்லாத பின்னைய அளவு பாதி அறிக்கைதான். சத்திரசிகிச்சைத் திகதி கிடைப்பதற்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம் என்பதால், கடைசியாக எடுத்த அளவுகள் பழையவையாகிவிட்டனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈமோகுளோபினில் இருந்து தொடங்குவோம், ஏனெனில் திருத்துவதற்கு அவகாசம் இருக்கும் குறிகாட்டி இது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஆண்களில் டெசிலீற்றருக்கு 13 கிராமுக்கும், கருவுற்றிராத பெண்களில் 12 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிசோகை. உயரமான இடங்களில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவதால் உடல் இயல்பாகவே கூடுதல் ஈமோகுளோபினை உருவாக்கும். எனவே 1,500 மீற்றருக்கு மேல் வாழ்பவருக்கு இந்த எல்லையை அரை கிராம் முதல் ஒரு கிராம் அளவுக்கு உயர்த்தியே பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வசிக்கும் பெண்ணுக்கு 12.2 என்று வந்தால் அறிக்கை அதைக் குறியிடாது. ஆனால் அவர் குருதிசோகை உள்ளவராகவே இருக்கக்கூடும்.

இதன் விளைவு சத்திரசிகிச்சை மேடையில்தான் முழுதாய்த் தெரியும். இருதயத்தை நிறுத்தி வைத்திருக்கும்போது குருதியை ஓட்டும் இருதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப ஒரு லீற்றருக்கு மேல் திரவம் தேவைப்படும். அது முழுவதும் நோயாளியின் குருதியோடு கலக்கும். 70 கிலோ எடையும் 14 கிராம் ஈமோகுளோபினும் உள்ள ஓர் ஆணின் உடலில் ஏறக்குறைய 4.9 லீற்றர் குருதி இருக்கும், 1.2 லீற்றர் திரவம் சேரும்போது அவரது ஈமோகுளோபின் சுமார் 11 ஆகும். 42 கிலோ எடையும் 10 கிராம் ஈமோகுளோபினும் உள்ள, கொழுந்து பறித்தே உடல் வற்றிப்போன ஒரு பெண்ணின் உடலில் 2.7 லீற்றர் அளவே இருக்கும், அதே 1.2 லீற்றர் அவரை 7 கிராமுக்குக் கீழே இறக்கிவிடும். இயந்திரத்தில் இருக்கும் வேளையில் குருதி இவ்வளவு ஐதாவது சிறுநீரகப் பாதிப்போடு தொடர்புடையது என்பது நன்கு நிறுவப்பட்டது. குருதி ஏற்ற வேண்டிய தேவையும் கூடும். சத்திரசிகிச்சை வேளையிலும் அதற்குப் பின்னரும் 7.5 கிராமுக்குக் குறைந்தால் மட்டும் குருதி ஏற்றுவது, 9.5 கிராமிலேயே ஏற்றும் முறையைவிட மோசமானதல்ல என்று 2017 இல் வெளியான டிரிக்ஸ்-3 ஆய்வு காட்டியது. அந்த எல்லையைத் தொடாமல் கடந்து போவதற்கு, முன்பே ஈமோகுளோபினை உயர்த்திக்கொள்வதுதான் நேரான வழி.

அதற்குக் காரணத்தை அறிய வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும், குருதியில் இரும்பைக் காவும் டிரான்ஸ்பெரினின் செறிவும் குறைந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு. பெரிட்டின் அழற்சியின்போது உயரும் என்பதால், அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடிய ஒருவருக்குப் பெரிட்டின் நலமாகத் தெரிந்தாலும் இரும்பு குறைந்திருக்கலாம். செங்குழியங்கள் சிறிதாக இருந்தும் பெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியாக் காவியாக இருக்கலாம். அவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேநீர், தாவர உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஊரே தேயிலையை நம்பி வாழும்போது தேநீரை நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமல்ல. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணித்தியால இடைவெளி விடச் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தது கிரியேட்டினின். இது தசையிலிருந்து வருவது. தசை குறைந்த உடலில் சிறுநீரகம் சோர்ந்திருந்தாலும் எண் உயராது. மேலே சொன்ன பெண்ணுக்கு 54 வயது, கிரியேட்டினின் டெசிலீற்றருக்கு 0.8 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். காக்ரொஃப்ட்-கோல்ட் சூத்திரப்படி 140 இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 ஐக் கிரியேட்டினினால் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, பெண் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 53 மில்லிலீற்றர் கிடைக்கும். அதே வயதும் அதே கிரியேட்டினினும் கொண்ட 70 கிலோ ஆணுக்கு 104 வரும். யூரோஸ்கோர் 2 இல் 85 க்கு மேல் நலம், 51 முதல் 85 வரை நடுத்தரப் பாதிப்பு, 50 உம் அதற்குக் கீழும் கடும் பாதிப்பு. ஆக அறிக்கையில் குறியே இல்லாத 0.8 அந்தப் பெண்ணை நடுத்தரப் பாதிப்பில் வைக்கிறது, 0.9 ஆனால் 47 என்று கடும் பாதிப்பில் விழுந்துவிடுகிறார். கிளினிக்கில் எடையைப் பார்த்து எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கே போட முடியாது.

என்டி-புரோபிஎன்பி, இருதய அறைகளின் சுவர் இழுபடும்போது சுரக்கும் பொருளின் ஒரு துண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் இது எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பின்னர் இருதயச் செயலிழப்பு, இருதயத் துடிப்பு ஒழுங்கீனம், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் இருத்தல், மரணம் ஆகியவற்றின் சாத்தியம் கூடுகிறது. ஆயினும் இருதய சத்திரசிகிச்சைக்கென எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லை எண் ஒன்று இல்லை. அறிக்கைகளில் காணப்படும் 300, 450, 900, 1,800 என்ற எண்கள் திடீர் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கானவை. அவற்றை இங்கே இழுத்துவரக் கூடாது. வயது, சிறுநீரகப் பாதிப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் துடிப்பு ஒழுங்கீனம் ஆகியவை எண்ணை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால், இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்குத் துடிப்பு ஒழுங்கீனமும் சேர்ந்தே இருப்பது வழக்கமாதலால், அவர்களின் உயர்ந்த எண்ணை இடது கீழறையின் பலவீனம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. இந்தப் பரிசோதனையைப் பெரும்பாலும் தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கொடுத்துத்தான் செய்ய நேரும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒரு தடவை மட்டுமே செய்ய முடியுமானால், சத்திரசிகிச்சைக்கு முன் செய்துவைப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

எச்பிஏ1சி, அல்புமின் ஆகிய இரண்டையும் விரைவாகக் கடந்து செல்லலாம். முன்னது மூன்று மாதச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டி, காயம் பழுதடையும் சாத்தியத்தைச் சொல்கிறது. இரும்புக் குறைபாட்டில் அது பொய்யாக உயரவும் அண்மையில் குருதி ஏற்றியிருந்தால் பொய்யாகக் குறையவும் கூடும். பின்னது லீற்றருக்கு 35 கிராமுக்குக் குறைந்தால் ஊட்டக்குறைவோ நீடித்த அழற்சியோ உண்டு என்று பொருள். அத்தகையவர் தேறுவதற்கு நாள் பிடிக்கும்.

மூன்றாம் படி: மாதிரியும் அலகும்

மலைப்பாதையில் நெடுநேரம் குலுங்கிச் செல்லும் குருதிக் குழாயில் செங்குழியங்கள் சிதைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயரும். சில ட்ரோபோனின் முறைகளின் முடிவும் மாறும். ஒட்சிசன் போதாதபோது உடலில் சேரும் லாக்டேட்டை அளக்க எடுத்த குருதியைச் சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் வைத்தால் குழியங்கள் தாமே லாக்டேட்டைப் பெருக்கிவிடும். அதனால் அது குருதிவாயு இயந்திரத்தில் உடனே அளக்கப்பட வேண்டும், அல்லது சாம்பல்நிற மூடிக் குழாயில் குளிர்வித்து அனுப்பப்பட வேண்டும். குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆருக்கான நீலநிற மூடிக் குழாயில் ஒன்பது பங்கு குருதிக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற அளவு உண்டு. பிடிபடாத நரம்பில் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குழாயின் கோட்டுக்கு ஒரு விரலளவு கீழே குருதி நின்றுபோனால், சிட்ரேட் மிகையாகி ஐஎன்ஆர் உண்மையைவிடக் கூடுதலாக வரும். அந்தக் குழாயை ஆய்வுகூடம் திருப்பி அனுப்புவது நோயாளியின் நன்மைக்கே. முடிக்கும் நகத்துக்கும் என்று கடைகளில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகளும் சில ட்ரோபோனின் முடிவுகளைக் குழப்பும் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 இல் எச்சரித்தது.

அலகுகளில் ஏமாறுவது இன்னும் எளிது. ஓர் ஆய்வுகூடம் கிரியேட்டினினை 1.1 மில்லிகிராம் என்று எழுதும், மற்றொன்று 97 மைக்ரோமோல் என்று எழுதும், இரண்டும் ஒன்றே. முதலாவதை 88.4 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். ட்ரோபோனின் சில இடங்களில் மில்லிலீற்றருக்கு நனோகிராமிலும் சில இடங்களில் லீற்றருக்கு நனோகிராமிலும் வரும். இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. ட்ரோபோனின் ஐ, ட்ரோபோனின் டி ஆகியவை வெவ்வேறு புரதங்கள். ட்ரோபோனின் ஐயிலும் ஒரு நிறுவனத்தின் முறையில் வந்த எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. ஹட்டனில் ஒன்று, கண்டியில் ஒன்று என்று எடுத்த அறிக்கைகளை அடுக்கி வைத்து ஏற்ற இறக்கம் பேசுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

நான்காம் படி: முதல் 24 மணித்தியாலம்

இந்த வேளையில் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். முதலில் பேசுவது லாக்டேட். லீற்றருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழ் நலம். சத்திரசிகிச்சை முடிந்தவுடன் சற்று உயர்ந்திருப்பது எதிர்பார்க்கத்தக்கது. 4 ஐத் தாண்டி நிற்பதும், அதைவிட முக்கியமாக, மணிக்கு மணி இறங்காமல் இருப்பதும் உடலுறுப்புகளுக்குப் போதிய குருதி செல்லவில்லை என்பதன் அறிகுறிகள். அட்ரினலின் மருந்து ஓடும்போது உறுப்புகள் பட்டினி கிடக்காமலே லாக்டேட் உயரக்கூடும். அப்போது சர்க்கரையும் கூடவே உயரும், ஆனால் கைகால் வெதுவெதுப்பாகவும் சிறுநீர் தாராளமாகவும் இருக்கும். கால் குளிர்ந்து, சிறுநீர் குறைந்து, அழுத்தம் தளர்ந்த நிலையில் லாக்டேட் ஏறினால் அது வேறு கதை: இருதயம் போதிய அளவு தள்ளவில்லை, அல்லது குடலுக்குக் குருதி போகவில்லை. எண்ணோடு பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ட்ரோபோனினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இருதயத்தை நிறுத்தி, வெட்டி, தைத்த பிறகு அதன் தசைப் புரதம் குருதியில் கசியாமல் இருக்க முடியாது. மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரையறை 2018 இல் வெளியானது. பைபாஸின் பின்னான மாரடைப்புக்கு, முன்னர் இயல்பாக இருந்தவரில் 48 மணித்தியாலத்துள் ட்ரோபோனின் இயல்பான மேலெல்லையின் 10 மடங்கைத் தாண்ட வேண்டும் என்று அது சொல்கிறது, அதோடு நின்றுவிடவில்லை. ஈசிஜியில் புதிய மாற்றம், ஆஞ்சியோகிராமில் அடைப்பு, எக்கோவில் புதிதாய் அசையாத தசைப்பகுதி ஆகியவற்றுள் ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு 10 மடங்கை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுமே மாரடைப்பு வந்தவர்களாகிவிடுவார்கள்.

மரணத்தோடு உண்மையில் தொடர்புபடும் அளவு எது என்பதை 2022 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான விஷன் இருதய சத்திரசிகிச்சை ஆய்வு தேடியது. 12 நாடுகளில் 13,862 நோயாளிகளைத் தொடர்ந்த அந்த ஆய்வு, அபொட் நிறுவனத்தின் உயர் உணர்திறன் ட்ரோபோனின் ஐ முறையைப் பயன்படுத்தியது. அதன் மேலெல்லை லீற்றருக்கு 26 நனோகிராம். பைபாஸ் அல்லது அயோட்டிக் வால்வு மாற்றத்தின் பின், முதல் நாளுக்குள் 5,670 ஐ எட்டியபோதுதான், அதாவது மேலெல்லையின் 218 மடங்கில்தான், 30 நாள் மரண ஆபத்து கூடியது. மைட்ரல் வால்வு உள்ளிட்ட ஏனைய சத்திரசிகிச்சைகளில் அந்த எல்லை 12,981. அது 499 மடங்கு. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எல்லைகள் தாழ்ந்து முறையே 1,522, 2,503 ஆயின.

இந்த எண்களிலிருந்து வைத்தியசாலையில் பணிபுரியாத வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டியது, எந்தச் சத்திரசிகிச்சை, எத்தனையாவது நாள் என்று தெரியாமல் ட்ரோபோனின் எண்ணைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை என்பதே. முதல் நாளில் உச்சம் தொட்டு இறங்கிவரும் பெரிய எண், மூன்றாம் நாளில் மீண்டும் ஏறும் சிறிய எண்ணைவிட நல்ல சகுனம்.

ஐந்தாம் படி: சிறுநீரகத்தைக் காத்துப் பார்த்தல்

இருதய சத்திரசிகிச்சையின் பின் பிந்தித் தெரியவரும் பாதிப்புகளில் சிறுநீரகமே முன்னிற்கிறது. கே.டி.ஐ.ஜி.ஓ. எனப்படும் பன்னாட்டு வழிகாட்டல் 2012 இல் வகுத்தபடி, 48 மணித்தியாலத்துள் கிரியேட்டினின் 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலோ, 7 நாட்களுள் முன்னைய அளவின் ஒன்றரை மடங்கானாலோ, சிறுநீர் தொடர்ந்து 6 மணித்தியாலம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் குறைந்தாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. இரண்டு மடங்கானால் இரண்டாம் கட்டம். மூன்று மடங்கானாலோ, 4 மில்லிகிராமை எட்டினாலோ, டயலிசிஸ் தேவைப்பட்டாலோ மூன்றாம் கட்டம்.

இந்த வரையறையில் ஒரு பொறி இருக்கிறது. இயந்திரத் திரவம் குருதியை ஐதாக்குவதால் முதல் நாளில் கிரியேட்டினின் பொதுவாகக் குறைய வேண்டும். குறைய வேண்டிய வேளையில் அது அசையாமல் நின்றால் அதுவே முதல் எச்சரிக்கை. ஆனால் அறிக்கை அதைக் குறியிடாது. உண்மையான ஏற்றம் ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் புதிய குறிகாட்டிகள் வந்தன. சில மணித்தியாலங்களிலேயே உயரும் என்ஜிஏஎல் ஒன்று; சிறுநீரில் அளக்கப்படும் டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்ற இரு புரதங்களின் பெருக்கம் மற்றொன்று. இதற்கான கருவிக்கு அமெரிக்காவில் 2014 இல் அனுமதி கிடைத்தது.

நமது மாவட்ட வைத்தியசாலைகளில் இவற்றை எதிர்பார்க்க முடியாது என்பதால் மனம் தளர வேண்டியதில்லை. ஜெர்மனியில் நடந்து 2017 இல் வெளியான பிரெவ்-ஏகேஐ ஆய்வில், அந்தச் சிறுநீர்க் குறிகாட்டி உயர்ந்த 276 பேரில் பாதிப்பேருக்கு ஓர் ஒழுங்கான பராமரிப்புத் தொகுதி கொடுக்கப்பட்டது. சிறுநீரகப் பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1 சதவீதமாகக் குறைந்தது. அந்தத் தொகுதியில் இருந்தவை: சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்த்தல், ஏசிஇ தடுப்பி வகை அழுத்த மாத்திரைகளை 48 மணித்தியாலம் நிறுத்திவைத்தல், குருதியழுத்தத்தையும் உடலிலுள்ள திரவ அளவையும் சரியாகப் பேணுதல், சர்க்கரை உயராமல் பார்த்தல், கிரியேட்டினினையும் சிறுநீரையும் நெருங்கிக் கவனித்தல். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது கவனம்தான், கருவியல்ல. மெலிந்த, குருதிசோகையுள்ள, வடிகட்டும் வீதம் 50 ஐ ஒட்டி நிற்கும் ஒருவரை, குறிகாட்டி உயர்ந்தவர் போலவே எண்ணி நடத்துவதில் நட்டமொன்றும் இல்லை.

ஆறாம் படி: இரண்டாம் நாள் முதல் இரண்டாம் வாரம் வரை

சிஆர்பி எல்லாருக்கும் ஏறும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 19 மணித்தியாலம் என்பதால் தூண்டுதல் நின்றதும் சீராக இறங்கும். மூன்றாம் நாளில் 180 என்று வருவது செய்தியல்ல. இறங்கிக்கொண்டிருந்தது திரும்பி ஏறுவதுதான் செய்தி. புரோகல்சிட்டோனின் முதல் நாளிலேயே உச்சம் தொட்டு விரைந்து இறங்குவதால், கிருமித்தொற்றைப் பிரித்தறிய அது கூடுதலாக உதவும், கிடைக்குமிடத்தில் பயன்படுத்தலாம். மார்பெலும்பின் உட்பகுதியில் ஏற்படும் ஆபத்தான தொற்று, பலருக்கு வீடு திரும்பிய பின்னரே, இரண்டு மூன்று வாரங்களுள் வெளிப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

குருதிச் சிறுதட்டுகளும் எல்லாருக்கும் குறையும். இரண்டாம் மூன்றாம் நாளில் அடிமட்டம் தொட்டு, ஐந்தாம் நாளளவில் மீளத் தொடங்கும். அப்படி மீண்டு வந்தவை, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொடுத்த ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மறுபடி பாதியாகச் சரிந்தால், ஹெப்பாரினால் விளையும் சிறுதட்டுக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். சிறுதட்டுகள் குறைந்திருந்தும் இங்கே ஆபத்து குருதி கசிவதில் அல்ல, உறைவதில்தான். எனவே கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் அன்றே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் துடிப்பு ஒழுங்கீனம் எளிதில் வரும்; அது பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை தலைகாட்டும்.

ஏழாம் படி: அனைத்தையும் ஒரே தாளில் வைத்துப் படித்தல்

முன்னர் கண்ட 54 வயதுப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். இவை கற்பனை எண்களே. மைட்ரல் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டது. முன்னைய ஈமோகுளோபின் 10, கிரியேட்டினின் 0.8, என்டி-புரோபிஎன்பி 1,900. சத்திரசிகிச்சை முடிந்ததும் லாக்டேட் 3.1, ஆறு மணித்தியாலத்தில் 2.2, மறுநாள் காலை 1.4. முதல் நாள் ட்ரோபோனின் ஐ 7,400, மூன்றாம் நாள் 1,600. கிரியேட்டினின் முதல் நாள் 0.8, இரண்டாம் நாள் 1.1. முதல் இரவில் ஏழு மணித்தியாலம் சிறுநீர் மணிக்கு 18 மில்லிலீற்றர். சிஆர்பி மூன்றாம் நாள் 180, ஐந்தாம் நாள் 95, ஏழாம் நாள் 120. சிறுதட்டுகள் 210 ஆயிரத்திலிருந்து இரண்டாம் நாள் 95 ஆயிரமாகி ஐந்தாம் நாள் 140 ஆயிரம்.

அறிக்கைகளில் மிகப் பெரிதாகத் தெரிவது 7,400 என்ற எண். வீட்டார் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அளந்தது அதே வகைக் கருவியானால், மைட்ரல் வால்வுக்குரிய எல்லையைவிட அது தாழ்ந்தது, இறங்கியும் விட்டது, லாக்டேட்டும் தெளிந்துவிட்டது. இருதயம் தன் வேலையைச் செய்கிறது என்றே கொள்ளலாம். குறியே இடப்படாத 1.1 தான் கவலைக்குரியது. முதல் நாளில் குறைய வேண்டியது குறையவில்லை. 48 மணித்தியாலத்துள் 0.3 உயர்ந்துவிட்டது, 42 கிலோவுக்கு மணிக்கு 21 மில்லிலீற்றர் இருக்க வேண்டிய சிறுநீர் 18 ஆக நின்றது. இவை மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன: முதற் கட்டச் சிறுநீரகப் பாதிப்பு. முன்னைய ஈமோகுளோபினும் எடையும் இதை ஏற்கெனவே சொல்லியிருந்தன. வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தவிர்க்கவும், கிரியேட்டினின் முன்னைய நிலைக்குத் திரும்பும்வரை மறுபடி மறுபடி பார்க்கவும் வேண்டும். ஏழாம் நாள் சிஆர்பியின் சிறிய திருப்பத்துக்கு மார்புக் காயம், நுரையீரல், சிறுநீர், குழாய் செருகிய இடங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் அவரை வீட்டுக்கு அனுப்புவது உசிதமல்ல, வீட்டுக்கும் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கும் இடையே 75 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப்பாதை இருக்கும்போது. சிறுதட்டுகள் இதுவரை எதிர்பார்த்தபடியே மீள்கின்றன. பத்தாம் நாளில் இன்னொரு தடவை பார்த்தால் போதும்.

இதே தாளை ஒரு கொப்பியில் கோடிட்டு எழுதுங்கள்: மேலே திகதியும் சத்திரசிகிச்சைக்குப் பின் எத்தனையாம் நாள் என்பதும், பக்கவாட்டில் பரிசோதனையின் பெயரும் அலகும் ஆய்வுகூடமும். சத்திரசிகிச்சைக்கு முந்திய அளவு முதல் நிரலில் இருக்க வேண்டும். அந்த நிரல் வெறுமையாக இருந்தால் டயக்னோசிஸ் காட் கொடுக்கும் நாளிலேயே தாதியிடம் கேட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். பின்னர் கேட்டால் கோப்பு கிடைக்காது.

எட்டாம் படி: வீட்டில்

உலோக வால்வு உள்ளவருக்கு இனி ஐஎன்ஆர்தான் ஆயுள் முழுவதும் பார்க்க வேண்டிய எண். மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரையும், வேறு ஆபத்துக் காரணிகள் இல்லாத அயோட்டிக் வால்வுக்கு 2 முதல் 3 வரையும் வைக்கப்படும்; உங்களுக்குரிய எல்லை டயக்னோசிஸ் காட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வல்லாரை, முருங்கைக் கீரை போன்றவற்றை விலக்கத் தேவையில்லை. ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் அறவே இல்லாமலும் சாப்பிடுவதுதான் எண்ணை அலைக்கழிக்கும். காய்ச்சலுக்கு வெளியில் வாங்கும் அன்டிபயோட்டிக் மாத்திரை சில நாட்களிலேயே ஐஎன்ஆரை உயர்த்திவிடக்கூடும் என்பதால், டிஸ்பென்சரியில் மருந்து வாங்கும்போது, குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குடிப்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

என்டி-புரோபிஎன்பியை இரண்டாவது தடவை செய்யப் பணம் சேர்த்திருந்தால் அவசரப்பட வேண்டாம். சத்திரசிகிச்சையின் பின் முதல் சில வாரங்களுக்கு அது உயர்ந்தே இருக்கும். மூன்று மாதமளவில், அதே ஆய்வுகூடத்தில் செய்து, முன்னைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் புதிய வால்வு இருதயத்தின் சுமையை இறக்கியதா என்று தெரியும். அதுவரை அந்த வேலையை எடை பார்க்கும் இயந்திரமே செய்யும்: காலையில் சாப்பிடுமுன் எடை பார்த்து, மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால், கால் வீங்கினாலும் வீங்காவிட்டாலும், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரைக் காண வேண்டும். கிரியேட்டினின் உயர்ந்து வீடு வந்தவர்கள் முதல் இரு வாரங்களுள் ஒரு தடவையும், பிறகு மூன்றாம் மாதத்தில் ஒரு தடவையும் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்திலும் பழைய நிலைக்கு வராத சிறுநீரகம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஈமோகுளோபின் மீள ஓரிரு மாதங்கள் எடுக்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, திரும்பும் நாளைத் தீர்மானிக்கையில் மார்பெலும்பு ஒட்டியதா என்பதோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனெனில் 9 கிராமோடு சரிவில் ஏறிக் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கு வரும் மூச்சிரைப்பை வால்வின் பழுது என்று எண்ணி மறுபடி கண்டிக்கு ஓட வேண்டியிருக்கும்.

மார்பெலும்பில் இடறும் ஒலி, காயத்தில் சீழ், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், நிற்காத குருதிக்கசிவு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. 1990 சுவ செரிய அம்புலன்ஸை அழைத்து, அதில் ஏறும்போது டயக்னோசிஸ் காட்டையும் அந்தக் கொப்பியையும் கூடப்போகிறவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.